ஆறாம் கட்டளையும் ஆப்பிரிக்கான்ஸ் மாப்பிள்ளையும்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். பேருந்தில் தூங்கிக் கண்விழித்த நான் ஜன்னல் வழியாக முதலில் பார்த்தது, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு கண்டக்டர் என்னோடு வந்த ஹென்ட்ரிக்கைத் திட்டிக்கொண்டிருந்ததை.

"ஏறுறதுன்னா ஏறு, எறங்குறதுன்னா எறங்கு. படிக்கட்டுல நின்னு பல்ல இளிச்சா வண்டி போயிருமா அப்பு?"

வண்டியை விட்டு இறங்கிக் கால் நீட்டப் போனவர், எப்படியோ வத்தலக்குண்டு பேருந்தின் படியில் ஏறி நின்றிருந்தார். ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையுடன், மன்னிக்க வேண்டும் என்றார். அதுதான் தவறு.

"இங்கிலீஸ் வேறயா! பாத்தா செம்பட்டிக்காரன் மாதிரி இருக்கான், காலங்காத்தால தொர கணக்கா பேசுறான்."

கண்டக்டரைக் குறை சொல்ல முடியாது. ஹென்ட்ரிக்கின் நிறம், சுருட்டை முடி, மீசை எல்லாமே இந்தப் பக்கத்துச் சரக்குதான். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கில், ஆரஞ்சு ஆற்றங்கரையில், மழையே பெய்யாத ஒரு சிற்றூரில் கத்தோலிக்கராகப் பிறந்தவர். அந்த மக்களின் ரத்தத்தில் அந்த மண்ணின் பழங்குடிகள், டச்சுக்காரர்கள், மலாய்க்காரர்கள், இந்தியக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் என்று பலரும் கலந்திருக்கிறார்கள். கலந்த பிறகு அத்தனை பேரும் பேசிய மொழி ஆப்பிரிக்கான்ஸ். ஹென்ட்ரிக்கின் தாய்மொழி அது. ஆங்கிலம் பள்ளியில் பாதி, துறைமுகத்தில் மீதி கற்றது.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அவர் கிரேன் மெக்கானிக். அங்கே ஒரு மருத்துவமனையில் ஜெசிந்தா செவிலியர். என் பித்தப்பையை எடுத்தபோது நான் படுத்திருந்த வார்டில் அவர்தான் இரவுப் பணி. நான் வேலை பார்க்கும் தமிழ்ப் பத்திரிகையில் எழுத்துப்பிழை கண்டுபிடித்து, ஊசி போடும் நேரமாகப் பார்த்து என்னிடம் சொல்வார். இரண்டு வருடங்கள் கழித்து வந்து, "அண்ணே, நான் கல்யாணம் பண்ணப்போறேன். நீங்க ஊருக்கு வரணும். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கப்பாவுக்கு அவரத் தெரியாது" என்றார். ஜெசிந்தா ஒரு வாரம் முன்னால் ஊருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு.

திட்டிய கண்டக்டரின் வண்டியில்தான் நாங்கள் ஏற வேண்டியிருந்தது. எங்கள் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே மல்லிகைப் பூ கொண்டுபோய்த் திரும்பும் காலிச் சாக்குகள். சிங்கப்பூரில் பேருந்தில் ஒரு துண்டு ரொட்டி தின்றால் அபராதம். இங்கே ஒருவர் இலையைப் பிரித்துப் பொங்கலும் சட்னியும் முடித்து, இலையை வெளியே எறிந்து, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கழுவினார். தண்ணீர் பின் ஜன்னல் வழியாக ஹென்ட்ரிக்கின் மீது வந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மணம்" என்றார்.

ஹென்ட்ரிக் பேசுவது அவ்வளவுதான். ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் கிரேனில் கட்டித் தூக்கி, காற்று நிற்கும்வரை காத்திருந்து, மெதுவாக இறக்குவார். அமைதியான மனிதர் என்று எட்டு மாதங்களாக நினைத்திருந்தேன்.

செம்பட்டியில் மாறவேண்டும். ஆயக்குடியிலிருந்து கூடையோடு வந்திருந்த ஒரு அம்மா, "ஏனுங்க, கொய்யா வேணுங்களா? தேனாட்ட இருக்குமுங்க" என்று நேராக ஹென்ட்ரிக்கிடம் கேட்டார். என்னிடம் யாரும் தமிழில் எதுவும் கேட்கவில்லை. நான் வெயில் தொப்பியும் கழுத்தில் கேமராவுமாக நின்றேன்.

ஜெசிந்தாவின் ஊர் அங்கிருந்து சிறிது தூரம். தென்னையும் மல்லிகையும் போட்ட பூமி. தாய் இல்லாத வீட்டை நடத்துவது அத்தை பிலோமினா. அப்பா லூர்துசாமி இந்தக் கல்யாணத்துக்கு ஒரே நிபந்தனை வைத்திருந்தார். நம்ம கோயிலில், நம்ம முறைப்படி. அதைத் தவிர, மாப்பிள்ளை எந்தத் தேசம், என்ன நிறம் என்று எதுவுமே கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்ததும் அத்தை மட்டும் கொஞ்சம் ஏமாந்துபோனார்.

"ஃபாரின் மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கேன். இவரு நம்ம சேவுகம்பட்டி சின்னப்பன் மாதிரியில்ல இருக்காரு?"

அத்தை கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார். ஹென்ட்ரிக்கின் முகம் மலர்ந்தது. எங்கள் மொழியிலும் அது 'காட்டெல்' என்றார். கொய்யாவைக் காட்டி, அது 'கூயாவெல்' என்றார். நான் மொழிபெயர்த்தேன். அத்தை ஒரு நிமிடம் யோசித்தார்.

"அப்ப அது தமிழ்தான். கெட்டுப்போன தமிழ்."

அத்தையைப் பொறுத்தவரை மொழிப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

நிஜமான பிரச்சினை மறுநாள் வியாழக்கிழமை தொடங்கியது. இந்தப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் பூசையின்போது ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பது. அந்த ஓலை ஏறுவதற்கு முன் மணமக்கள், கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரிடம் மந்திரம் ஒப்பிக்கவேண்டும். மந்திரம் என்றால் ஜெபங்களும் பத்துக் கட்டளைகளும். தேறினால் ஓலை.

தவக்காலம் தொடங்க மூன்று ஞாயிறுகளே இருந்தன. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதற்குள் ஹென்ட்ரிக்குக்கு வேறு நாட்டுத் துறைமுகத்துக்கு மாற்றல். மனைவி என்றால்தான் ஜெசிந்தாவுக்கு அங்கே விசா. ஆக, வருகிற ஞாயிறு முதல் ஓலை வாசித்தாக வேண்டும்.

உபதேசியார் அந்தோணிமுத்து எழுபதை நெருங்கியவர். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள். கோயிலின் பக்கவாட்டு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு பெஞ்சு.

"நான் மந்திரம் கேக்க ஆரம்பிச்சதுல இருந்து, என்கிட்ட தேறாம இந்த ஊர்ல ஒருத்தனும் தாலி கட்டுனதில்ல" என்றார். பெருமையாகச் சொன்னாரா மிரட்டினாரா என்று தெரியவில்லை.

ஜெசிந்தா மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு எழுந்தார். ஹென்ட்ரிக்குக்கு விமானத்தில் ஆங்கில ஜெபப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் படிக்க வைத்திருந்தேன். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் இரண்டு இடத்தில் நின்று, நகர்ந்து, கரைசேர்ந்தார். பிறகு கட்டளைகள். உபதேசியார் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். ஹென்ட்ரிக் முடித்து வியர்வையைத் துடைத்தபோது ஒரு விரல் நின்றுகொண்டிருந்தது.

"ஒன்னு கொறையுதே. எது சார்?" என்று என்னைக் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்திரிகையில் எனக்குச் சம்பளமே விடுபட்டதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான்.

"ஆறாவது" என்றேன்.

ஆறாம் கட்டளை, மோக பாவம் செய்யாதிருப்பாயாக.

உபதேசியார் நிற்கும் விரலையும் மாப்பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தார். "மத்த எத விட்டுருந்தாலும் பரவால்ல சார். கல்யாணத்துக்கு வந்தவரு ஆறாவத விட்டா, நான் சாமியார்ட்ட போய் என்னன்னு சொல்றது?"

ஹென்ட்ரிக் விளக்கம் சொன்னார். "அந்த ஆங்கில வார்த்தை எனக்கு நாக்கில் நிற்பதில்லை. வேலையில் அது தேவைப்பட்டதே இல்லை." இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருடைய தாய்மொழி ஆங்கிலம் அல்ல, அந்த மொழியில் சொல்ல அனுமதிக்கலாமே என்று மட்டும் கேட்டேன்.

"இங்கிலீஸே வரலன்னா வேற எது வரும்? சரி, வருதுன்னே வைங்க. எனக்குத் தெரியாத பாசையில அவரு சினிமாப் பாட்டுப் பாடுனாக்கூட நான் ஆமென் போடணுமா? தமிழ், இல்லாட்டி இங்கிலீஸ், அதுவும் இல்லாட்டி லத்தீன். ஈஸ்டர் கழிச்சு வாங்க."

பங்குச் சாமியார் இளைஞர். மோட்டார் சைக்கிளை மிதித்துக்கொண்டே என் முறையீட்டைக் கேட்டார். "உபதேசியார் சரின்னா நாளைக்கே எழுதிருவேன் சார். அவர மீறி நான் செஞ்சா அடுத்த வாரமே எனக்கு வேற பங்குதான்" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் நான் இருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். ஆனால் போதிய அளவு தாழ்த்தவில்லை.

"ஆறாவத விட்டுட்டாராமுல்ல?"

"ஒம்பதாவது சொல்லிட்டாராம். பிறர் தாரத்த விரும்பாதே. அது போதும்லே, அதுலயே இதுவும் அடங்கிருது."

"ஏலே, அது ஆசைப்படக் கூடாதுங்குறது. இது செய்யக் கூடாதுங்குறது. ரெண்டும் ஒன்னா?"

இந்த விவாதம் அரை மணி நேரம் நடந்தது. இவ்வளவு கவனமான வாதத்தை எங்கள் ஆசிரியர் குழுக் கூட்டங்களில் நான் கேட்டதில்லை.

ராத்திரி வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை சோற்றில் ஆட்டுக்குடல் குழம்பை ஊற்றி, "வெஞ்சனம் வச்சுக்கங்க" என்று பொரியலைத் தள்ளினார். ஜெசிந்தா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பத்தொன்று. தங்கைக்கும் தம்பிக்கும் அவர் சம்பளத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. "வேணும்னே விட்டாரா?" என்று அத்தை என் காதில் கேட்டார். இல்லை என்றேன். "வேணும்னே விட்டிருந்தாக்கூட சத்தியமா நான் ஒன்னும் நெனைக்க மாட்டேன். நாலஞ்சு மாப்பிள்ளை தட்டிப் போயிருச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை லூர்துசாமி மாப்பிள்ளையைத் தோப்புக்கு அழைத்துப் போனார். மொழிபெயர்க்க நானும் போனேன். போயிருக்க வேண்டியதில்லை. லூர்துசாமி எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலம். "வெல். டீப். வாட்டர் லெஸ்" என்றார். "எங்க ஊர். மழை இல்லை. ஆறு மட்டும். திராட்சை" என்றார் ஹென்ட்ரிக், அதே கனத்த ஆங்கிலத்தில், அதே வேகத்தில். இரண்டு பேருக்கும் அது இரவல் மொழி. பத்திரமாகக் கையாண்டார்கள். நடுவில் நான் சிங்கப்பூர் வேகத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். இருவரும் பேச்சை நிறுத்தி, நான் முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள்.

ஹென்ட்ரிக் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மண்வெட்டியை வாங்கி இரண்டு வாய்க்காலுக்கு மடை மாற்றினார். கரை உடையவில்லை. லூர்துசாமி என்னிடம் தமிழில் சொன்னார்: "தண்ணி பாய்ச்சத் தெரிஞ்ச மாப்பிள்ளை சார். ஒத்த வெரலுக்காகப் போயிருமோன்னு இருக்கு."

மத்தியானம் அம்மாவுக்குப் போன் பேசவேண்டும் என்றார் ஹென்ட்ரிக். செம்பட்டி முக்கில் ஒரு போன் பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் போனார். நானும் ஜெசிந்தாவும் வெளியே பூத்துக்காரரின் மேசையருகே நின்றோம்.

முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. ஹென்ட்ரிக் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு பேச ஆரம்பித்தார். கண்ணாடி அதிர்ந்தது. தொண்டையிலிருந்து மீன் முள்ளை எடுப்பது போன்ற ஒலிகள், நடுவே நீளமான கொஞ்சல்கள். கையை ஆட்டினார். கண்டக்டரைப் போல நடித்துக் காட்டினார். உபதேசியார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்வதை நின்றபடியே செய்து காட்டினார். மறுமுனையில் அம்மா சிரித்திருக்கவேண்டும், அவர் அதற்காக நிறுத்திக் காத்திருந்தார். வெளியே பேருந்துக்கு நின்றவர்கள் கூண்டைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

அவர் அமைதியான மனிதர் அல்ல. ஆங்கிலத்தில் மட்டும் அமைதியானவர்.

"அண்ணே" என்றார் ஜெசிந்தா, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இவரு இம்புட்டுப் பேசுவாரா?"

எங்கள் சிங்கப்பூரில் தாய்மொழி என்பது பள்ளியில் ஒரு பாடம். என் மகன் அதற்கு டியூஷன் போகிறான். அதில் தேறுவதற்கு மதிப்பெண் உண்டு என்று தெரியும். அதைக்கொண்டு ஒரு மனிதன் கூண்டுக்குள் இரண்டு அங்குலம் உயரமாகலாம் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

திடீரென்று உள்ளே காட்சி மாறியது. சிரிப்பு நின்றது. ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். மறுமுனையின் குரல் எங்களுக்கே கேட்டது. ஹென்ட்ரிக் நிமிர்ந்து நின்று, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலை உயர்த்தி எதையோ ஒப்பிக்கத் தொடங்கினார். பிறகு ஆள்காட்டி விரல். பிறகு நடுவிரல்.

"என்ன சார் கணக்குப் போடுறாரு?" என்றார் பூத்துக்காரர்.

இடது கையும் மேலே வந்தது. தடங்கலே இல்லை. பத்து விரல்களும் நின்றபோது ஜெசிந்தா, "பத்து" என்றார்.

வெளியே வந்து ஹென்ட்ரிக் சொன்னார். "அம்மாவுக்குக் கோபம். தான் சொல்லிக்கொடுத்ததை நான் மறந்துவிட்டேன் என்று உங்கள் உபதேசியார் நினைக்கிறாராமே, அது தன்னைத் திட்டுவது போல என்றார். உடனே சொல் என்றார். சொன்னேன்." முப்பத்து நாலு வயதுக்காரர் காதைத் தடவிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா அத்தையைச் சமையலறைக்குள் கூட்டிப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் வீடுவீடாகப் போய் மறுநாள் ஓலைக்கான பெயர்களைச் சரிபார்ப்பார். எங்கள் வீட்டுக்கு, பெயர் இல்லை என்பதை முறையாகச் சொல்ல வருவார் என்று லூர்துசாமி சொன்னார். அந்த வீட்டில் தினம் ஜெபமாலை ஏழரைக்கு. அன்று தெருமுனையில் உபதேசியாரின் சைக்கிள் மணி கேட்டதும் அத்தை அடுப்பை அணைத்தார்.

"எல்லாரும் முட்டி போடுங்க."

"மணி ஏழுதான்க்கா ஆகுது" என்றார் லூர்துசாமி.

"மாதாவுக்கு மணி பாக்கத் தெரியும். நீ முட்டி போடு."

உபதேசியார் செருப்பைக் கழற்றும்போது ஜெபம் ஆரம்பமாகிவிட்டது. ஜெபமாலை நடக்கும் வீட்டுக்குள் வந்தவர், யாராக இருந்தாலும், முடியும்வரை முழந்தாளில்தான் இருக்கவேண்டும். அவர் வாசலோரம் முழந்தாளிட்டார். கையில் நோட்டும் தலையில் வியர்வையும்.

ஜெபமாலையில் ஒருவர் முன்பாதி சொல்வார், மற்றவர்கள் பின்பாதியால் பதில் சொல்வார்கள். மாலையின் பத்து மணிகளுக்கு ஒருமுறை ஆள் மாறும். முதல் பத்து அத்தை. இரண்டாவது லூர்துசாமி. மூன்றாவதுக்கு அத்தை திரும்பி, "மாப்பிள்ளை" என்றார்.

ஹென்ட்ரிக் ஆப்பிரிக்கான்ஸில் ஆரம்பித்தார். எங்களுக்கு முதலில் புரிந்தது 'மரியா' என்ற ஒரு சொல்தான். ஆனால் எங்கே மூச்செடுக்கவேண்டுமோ அங்கே எடுத்தார். 'யேசுஸ்' என்று வந்ததும் நிறுத்தினார். தமிழிலும் முன்பாதி முடிவது அந்தப் பெயரை ஒட்டித்தான். வீடு முழுவதும் தமிழில் எழுந்தது:

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

வாசலோரக் குரல்தான் எல்லாவற்றையும் விட உரத்தது. வாழ்நாளெல்லாம் பதில் சொல்லிப் பழகிய குரல். அது யார் சொல்கிறார், எந்தப் பாஷையில் சொல்கிறார் என்று பார்க்கவில்லை. நாலாவது மணியில்தான் உபதேசியாருக்கே உறைத்தது. கண்ணைத் திறந்தார். வாய் நிற்கவில்லை. ஜெபத்தின் நடுவில் பதிலை நிறுத்துவது அவரால் ஆகாத காரியம். பத்தாவது மணி வரை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார்.

ஜெபம் முடிந்து ஸ்தோத்திரம் சொல்லி எல்லாரும் எழுந்தார்கள். உபதேசியார் முழங்காலைத் தட்டிக்கொண்டு, நோட்டைத் திறக்கப் போனார்.

"அண்ணே" என்றார் அத்தை. "பத்து மணிக்கும் பதில் சொன்னீங்க."

"பழக்கத்துல வந்துருச்சு."

"மாதாகிட்ட பழக்கத்துல சொன்னா செல்லாதா? அப்ப நாங்க தெனமும் சொல்றது?"

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஜெபம் சரி" என்றார் கடைசியில். "கட்டளை? ஆறாவது?"

ஜெசிந்தா ஹென்ட்ரிக்கிடம் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அவர் உபதேசியாரின் முன்னால் போய், போன் பூத்தில் நின்றது போலவே நிமிர்ந்து நின்று, கட்டைவிரலை உயர்த்தினார். உபதேசியாரும் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் விரித்தார். ஒருவர் விரல் நிமிர, மற்றவர் விரல் மடங்கியது. ஐந்து முடிந்தது. அடுத்த கையின் முதல் விரலை எடுக்கும்போது ஹென்ட்ரிக் குரலை உயர்த்தி, ஜெசிந்தாவின் பக்கம் திரும்பி, அந்த ஒரு வரியை மட்டும் மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னார். லூர்துசாமி சிரிப்பை இருமலாக மாற்றினார். ஜெசிந்தா மாற்றவில்லை.

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. உபதேசியாரின் கையில் நிற்கும் விரல் இல்லை.

"என்ன பாசை இது?" என்றார் என்னிடம்.

"கெட்டுப்போன தமிழ்" என்றார் அத்தை, நான் வாய் திறப்பதற்குள்.

"ஆறாவது சத்தமா வந்துச்சு" என்றார் உபதேசியார். "போதும்." நோட்டை முழங்கையில் வைத்துக்கொண்டு, "பேர எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லுங்க" என்று இரண்டு பேனாக்களில் ஒன்றை எடுத்தார்.

ஞாயிறு முதல் பூசையில் ஓலையை அவரே வாசித்தார். ஹென்ட்ரிக்கின் ஊர்ப் பெயரை மூன்று முறை, மூன்று விதமாகச் சொன்னார். தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்று வாசித்து, கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்து, கொஞ்ச நேரம் காத்திருந்தார். டீக்கடையில் வாதாடிய இருவரும் முன்வரிசையில் இருந்தார்கள். யாரும் எழவில்லை.

அடுத்த ஓலை ஒரு பூ வியாபாரியின் மகளுடையது.